சைவத்தில் நீங்கள் என்ன நிறம்?

அருப்புக்கோட்டையில் ஒருவர் காலையில் இட்லிக்கு எதைத் தொட்டுக்கொள்கிறார் என்பது அண்மைக்காலம்வரை அவருடைய சொந்த விஷயமாகவே இருந்துவந்தது. அந்தக் குறை இப்போது நீங்கிவிட்டது. தாவர உணவினர் தர நிர்ணயப் பேரவை என்று ஒன்று தோன்றி, ஊரில் வாய் உள்ளவர்களை வகை பிரித்து, வகைக்கு ஒரு நிறமாக மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டது. கயிற்றின் நிறத்தைப் பார்த்து ஆளை எங்கே உட்காரவைப்பது என்று முடிவுசெய்வது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. அதனால் மக்களுக்குப் பழகிக்கொள்ள நாளாகவில்லை.

பேரவையை நிறுவியவர் சண்முகவேல் அண்ணாச்சி. பருப்பு மில் வைத்திருந்தவர். ஆயுள் முழுக்கச் சல்லடைகளோடு வாழ்ந்துவிட்டு, மில்லை மகன்களிடம் கொடுத்து வீட்டில் உட்கார்ந்தபோது, தரம் பிரிக்க ஒன்றும் இல்லாமல் அவருக்குக் கை அரித்தது. மனிதர்களை எடுத்துக்கொண்டார்.

ஆதியில் இரண்டே வகைதான் இருந்தது. கறி சாப்பிடுகிறவர், சாப்பிடாதவர். இதில் நிர்வாகம் செய்ய ஒன்றுமில்லை என்று பேரவை கண்டது. எனவே பால், தயிர், தேன் எதையும் தொடாதவர் முழுத்தாவரர் ஆனார், வெள்ளைக் கயிறு. வெங்காயமும் பூண்டும் விலக்கியவருக்குச் சந்தன நிறம். அண்ணாச்சி இந்த வகை. பால் குடிப்பவர் பாற்சைவர், பச்சை. முட்டையை முட்டையாகப் பார்த்தால் முகத்தைச் சுளித்து, கேக்காகப் பார்த்தால் இன்னொரு துண்டு கேட்பவர் கேக்குச் சைவர், மஞ்சள். செவ்வாய், வெள்ளி, புரட்டாசி, மாலை போட்ட நாள் ஆகியவற்றில் மட்டும் சைவமாக இருப்பவர் கிழமைச் சைவர், காவி. வீட்டில் சுத்தமாக இருந்து, மதுரை போய் இறங்கியதும் அதைச் சுத்தமாக மறந்துவிடுபவர் உள்ளூர்ச் சைவர், ஊதா. கறிக்குழம்பில் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு, நான் கறியெல்லாம் தொடுவதில்லை என்பவர் குழம்புச் சைவர், சாம்பல். அதற்குக் கீழே கயிறு கிடையாது. கறி சாப்பிடுவேன் என்று நேராகச் சொல்பவர்களைப் பேரவை கண்டுகொள்வதில்லை. அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

குமாரலிங்கபுரத்துப் பக்கம் ஜவுளிப் பூங்கா வந்தால், அதன் கேண்டீனில் கயிறு கட்டியவர்களுக்குத்தான் முதலில் சோறு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பூங்கா வருவதற்குள் கயிறு பாதி ஊர் கையில் வந்துவிட்டது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாகவே இருந்திருக்கும், திருச்சுழி ரோட்டில் இருக்கும் பெரிய கல்யாண மண்டபம் மட்டும் பேரவையின் கைக்குப் போகாமல் இருந்திருந்தால்.

மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் அருஞ்சுனைக்கு ஒரே மகள், கனகலட்சுமி. மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குக் காரியாபட்டி வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். மல்லாங்கிணறில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹரிக்கு அவளைப் பேசி முடித்தார்கள். ஹரிக்குத் தகப்பனார் இல்லை. அம்மா தங்கலட்சுமிதான் எல்லாம். நகை, சீர், வண்டி என்று அந்த அம்மாள் எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அருஞ்சுனை யாவாரி, எதிராளி எதுவும் கேட்காவிட்டால் அவருக்குப் பயம் வந்துவிடும். துருவித் துருவிக் கேட்டபிறகு தங்கலட்சுமி ஒன்றே ஒன்று சொன்னார்.

“பந்தியில பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து இலையில உக்காரணும்ணே. அவுகளுக்கு ரெண்டு பக்கமும் நம்ம ரெண்டு வீடும் உக்காரணும். எங்க கல்யாணத்துல எங்க வீட்டாளுகளை ரெண்டாம் பந்திக்கு நிக்க வச்சுப்பிட்டாக. அந்தப் புகைச்சல்ல எங்கண்ணன் சாகுறவரைக்கும் எங்க வாசப்படி மிதிக்கலை. இது ஒண்ணு மட்டும் நடக்கலைன்னா, தாலி ஏறியிருந்தாலும் நான் எம்மகனைக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்.”

இவ்வளவு சல்லிசான நிபந்தனையை வாழ்நாளில் கேட்டிராத அருஞ்சுனை, உடனே வாக்குக் கொடுத்தார். ஆவணியில் வளர்பிறை முகூர்த்தம். ஊரில் மற்ற மண்டபங்கள் எல்லாம் போய்விட்டன. திருச்சுழி ரோட்டு மண்டபம் மட்டும் இருந்தது.

மண்டபம் வேண்டுமானால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளையும் முதலில் தரம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது பேரவை. அருஞ்சுனை, மனைவி சரஸ்வதியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். சண்முகவேல் அண்ணாச்சி நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் அங்கத்தினர்கள். அருஞ்சுனை கிழமைச் சைவர் என்று ஒரே கேள்வியில் முடிந்துவிட்டது. சரஸ்வதியிடம்தான் பேரவை தடுமாறியது. அவர் கறி தொடமாட்டார். ஆனால் ஞாயிறு தவறாமல் புருஷனுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைப்பார்.

உப்பு எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டார்கள்.

“மோந்துதான்” என்றார் சரஸ்வதி.

முகர்வது உண்பதில் சேருமா என்பது பற்றி மதியம்வரை வாதம் நடந்தது. வாசனை என்பது பொருளின் நுண்ணிய பகுதி, அது மூக்கு வழியாக உள்ளே போகிறது, போனது திரும்பி வருவதில்லை, எனவே அது சாப்பாடுதான் என்று ஓர் அங்கத்தினர் நிறுவினார். அப்படியென்றால் கறிக்கடை வீதி வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் இருப்பவர்கள் என்ன சைவம் என்று சரஸ்வதி கேட்டார். பேரவை திடுக்கிட்டு, அந்த வழித்தடத்தைப் பற்றி ஆராயத் துணைக்குழு ஒன்று அமைத்தது. சரஸ்வதிக்கு முகர்வுச் சைவர் என்று புதுவகை உண்டாக்கி, பாதி பச்சை பாதி சாம்பலாக முறுக்கிய கயிறு கட்டினார்கள்.

அடுத்து கனகலட்சுமி. பால் குடிப்பீர்களா? குடிப்பதில்லை. தயிர்? இல்லை. நெய்? இல்லை. சிறுவயது முதலே கறி, முட்டை பிடிக்காது என்றாள். தேன் வீட்டில் வாங்குவதே கிடையாது. கேட்கக் கேட்க அங்கத்தினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி எழுந்தே விட்டார். இந்த வட்டாரத்தில் வெள்ளைக் கயிற்றுக்குத் தகுதியான மணமகள் அதுவரை ஒருத்தியும் வந்ததில்லை. வெள்ளைக் கயிறுகள் பெட்டியில் கிடந்து பழுப்பேறிக் கொண்டிருந்தன.

“எனக்குப் பால் வயித்துக்கு ஒத்துக்காது பெரியப்பா, அவ்வளவுதான்” என்றாள் கனகலட்சுமி.

“உயர்ந்தவுக யாரும் தன்னை உயர்ந்தவுகன்னு சொல்லிக்கிற மாட்டாக” என்று அண்ணாச்சி கண்கலங்கிக் கயிற்றைக் கட்டினார்.

ஹரி மறுநாள் மல்லாங்கிணறிலிருந்து தனியாக வந்தான். இரும்புக்கடைக்காரன் ஆனதால் எதையும் நேராகச் சொல்லிப் பழகியவன். கறித்துண்டு பல்லில் மாட்டும், அதனால் எடுக்க மாட்டேன், குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்வேன் என்றான். சாம்பல் கட்டினார்கள்.

அன்று சாயங்காலமே அருஞ்சுனைக்குப் பேரவையிலிருந்து ஆள் வந்தது. போனார். வெள்ளைக்கும் சாம்பலுக்கும் கல்யாணம் நடப்பதில் பேரவைக்கு ஆட்சேபணை இல்லை. மனப்பொருத்தம் அவர்கள் பாடு. ஆனால் வெள்ளை முதல் வரிசை, சாம்பல் கடைசி வரிசை. நடுவில் ஐந்து நிறம், ஒரு மறைப்புத் தட்டி. ஒரே பந்தியில் பக்கத்து இலை என்பது நடக்காது.

அருஞ்சுனைக்குத் தங்கலட்சுமியின் முகம் கண்ணுக்குள் வந்தது. இது என்னங்க, பழைய காலத்துப் பேதம் மாதிரி இருக்கே என்று மெதுவாக இழுத்தார்.

“பேதமா? வாயைக் கழுவுங்க. பேதத்தை ஒழிக்கத்தானே பேரவையே” என்றார் அண்ணாச்சி. “எல்லா மனுசரும் சமம். அதை நான் மேடையில சொல்லியிருக்கேன். ஆனா சமமா இருக்கவுகளைச் சரியா வரிசைப்படுத்தலைன்னா, யார் யாருக்குச் சமம்னு எப்படித் தெரியும்? ஒருத்தர் பிறப்பைப் பத்தி நாம கேக்குறதில்ல. வாய்க்குள்ள என்ன போகுதுன்னுதான் கேக்குறோம். கேட்டதுக்கப்புறம் பார்த்தா, மேல் வரிசைக்கு வாரவுக பழைய ஆளுகளாவேதான் இருக்காக. அதுக்குப் பேரவை என்ன செய்ய முடியும்?”

அருஞ்சுனை தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தார். தோளில் கிடந்த துண்டை அண்ணாச்சியின் கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டார். மாட்டுச் சந்தையில் பேரம் பேசுவது அப்படித்தான். விரலைப் பிடித்தால் விலை, பிறத்தியாருக்குத் தெரியாது. மகளை மூன்று வகை இறக்கி, மருமகனை மூன்று வகை ஏற்றி, இரண்டு பேரையும் நடுவில் கேக்குச் சைவத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பது விரல்கள் சொன்ன சேதி. அண்ணாச்சி கையை உதறினார். பருப்பு விற்ற காலத்தில் அவரே அந்தத் துண்டுக்குள் எத்தனையோ தரம் கைவிட்டவர் என்பதால், சேதி அவருக்கு முழுதாகப் புரிந்துவிட்டது.

ஏறவும் இறங்கவும் விதி உண்டு என்றார். இறங்க வேண்டுமானால் பெண் மூன்று மாதம் அங்கத்தினர் முன்னிலையில் கேக்குத் தின்று காட்ட வேண்டும். ஏற வேண்டுமானால் பையன் ஒரு வருஷம் குழம்பை மறக்க வேண்டும். வாசனையையும்.

அருஞ்சுனை வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார். சம்பந்தியம்மாளிடம் சொல்லவில்லை. அன்றைக்குப் பந்தியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். பேசி முடியாதது எதுவும் இல்லை என்பது மண்டிக்காரர்களின் மதம்.

கல்யாணத்தன்று விடியும்போதே பேரவை மண்டபத்தைச் சோதனை போட்டது. பட்டு, புழுவைக் கொன்று எடுப்பது என்பதால் வெள்ளைக் கயிற்று மணமகளுக்கு ஆகாது என்றார்கள். அவள் நூல் சேலைதான் கட்டியிருந்தாள்; அருப்புக்கோட்டையில் நூல் சேலைக்கா பஞ்சம். அதில் ஏமாந்த அங்கத்தினர்கள் மேளக்காரரிடம் போனார்கள்.

தவுல்காரர் மருதுபாண்டி திருச்சுழிப் பக்கத்து ஆள். அவருடைய தவுலை ஓர் அங்கத்தினர் விரலால் சுண்டி, இது தோல்தானே என்றார். அவர் ஆமாம் என்றார். அந்த ஆடு தானாகச் செத்ததா, வெட்டிச் செத்ததா?

“நான் கேக்கலைங்க. அதுவும் சொல்லலை” என்றார் மருதுபாண்டி.

தவுல் அசைவம் என்று தீர்ப்பானது. மண்டபத்துக்குள் கெட்டிமேளத்தைச் செல்போனில் போட்டு ஒலிபெருக்கியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அருஞ்சுனை கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், பேரவையின் அதிகாரம் வாசல் கேட்டோடு முடிகிறது, கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்று யாரும் எதையும் அடித்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். மருதுபாண்டி தவுலோடும் கூட வந்த நாகஸ்வரக்காரரோடும் ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போனார். தாலி கட்டும் நேரத்தில் உள்ளேயிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து கேட்டுக்கு என்று துண்டை ஆட்டி ஆட்டிச் சைகை போனது. சைகை போய்ச் சேர்ந்து மேளம் முழங்கியபோது ஹரி மூன்று முடிச்சும் போட்டு முடித்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். செல்போனில் அந்நேரம் ஏதோ லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு பால்பழம். தங்கலட்சுமி வெள்ளித் தம்ளரில் பாலும் வாழைப்பழமும் கலந்து எடுத்துவந்தார். பெண் உதட்டை நனைத்தால் போதும், சாங்கியம். ஓர் அங்கத்தினர் குறுக்கே கைநீட்டி, ஒரு சொட்டு உள்ளே போனாலும் மணமகள் இரண்டு வகை இறங்கிவிடுவார் என்று அறிவித்தார். தங்கலட்சுமிக்கு விளங்கவில்லை. எங்கே இறங்குவாள் என்று கேட்டார். அப்போதுதான் அவர் மண்டபத்தை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். சாப்பாட்டுக் கூடத்தில் குறுக்கே கட்டிய கயிறுகள், கடைசியில் நின்ற தட்டி, எல்லாம் கண்ணில் பட்டன. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அருஞ்சுனையைப் பார்த்தார். அருஞ்சுனை கூரையில் காற்றாடி சுற்றுவதைப் பார்த்தார்.

பந்தி தொடங்கியது. சொந்தக்காரர்களுக்கு அங்கேயே கயிறு கட்டி நிறம்பார்த்துப் பிரித்தார்கள். சாத்தூர் மாமா ஒருவர் சண்டை போட்டு வெள்ளைக் கயிறு வாங்கியிருந்தார். அந்த வரிசைக்கு நெய்யில்லை, தயிரில்லை, பாயசமில்லை என்று தெரிந்ததும், போன மாதம் தான் முட்டைக் கேக்குத் தின்றதைச் சாட்சியோடு நிரூபித்து மஞ்சளுக்கு மாறினார். புருஷன் ஊதா, பெண்சாதி பச்சை என்று பிரிந்த குடும்பங்கள் கயிற்றுக்கு மேலாகக் குழந்தைகளைக் கைமாற்றிக்கொண்டன. கடைசி வரிசைக்குத் தட்டி எதற்கு என்று ஹரி கேட்டான். குழம்புச் சைவர்கள் சாம்பாரைப் பார்க்கும் பார்வையிலேயே வேறு நினைப்புத் தெரியும், அது முன்வரிசைக்காரர் மனத்தைப் புண்படுத்தும் என்று விளக்கம் வந்தது.

மேடைமேல் ஒற்றை மேசை போட்டு ஒற்றை இலை விரித்திருந்தார்கள். அண்ணாச்சி ஒலிபெருக்கியைப் பிடித்தார். வட்டாரத்தின் முதல் முழுத்தாவர மணமகள், தனக்குச் சமமான ஒருவரும் இந்த அவையில் இல்லாத காரணத்தால், தனியாக அமர்ந்து உண்ணும் பெருமையைப் பெறுகிறார் என்றார். மணமகன் தட்டிக்குப் பின்னால் போகலாம்.

தங்கலட்சுமி மகனின் கையைப் பிடித்தார். “வாடா, போவோம்.”

அருஞ்சுனை குறுக்கே ஓடிவந்தார். “தங்கச்சி, ஒரு நிமிசம், நான் பேசி...”

“பேசுனது போதும்பா” என்றாள் கனகலட்சுமி. மேடையேறினாள். அண்ணாச்சி கைதட்டினார். அவள் உட்காரவில்லை. இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்கு அருகிலேயே நின்று சொன்னாள். “பால் குடிச்சா எனக்கு வயித்தால போகும். அதுக்குப்போயி எனக்கு ஒரு சாதியைக் கொடுத்து, எம்புருசனுக்கு ஒரு சாதியைக் கொடுக்குறீக. ஏற்கெனவே இருக்கிறது பத்தாதா?”

வயிற்றைப் பற்றிய அந்தச் செய்தி ஒலிபெருக்கியில் திருச்சுழி ரோடு முழுக்கக் கேட்டது. அவள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இறங்கி வந்து ஹரியின் மறுகையைப் பிடித்துக்கொண்டு, மாமியாரோடு மூன்று பேராகக் கேட்டைத் தாண்டி நடந்தாள். புளியமரத்தடியில் சாப்பாட்டுக்குக் காத்திருந்த மருதுபாண்டிக்குப் பக்கத்தில், ரோட்டோரம் இலையை விரித்து உட்கார்ந்தாள்.

உள்ளே எல்லோரும் அருஞ்சுனையைப் பார்த்தார்கள். அவர் சமையல்கட்டுக்கு ஓடினார். அண்ணாச்சி குறுக்கே வந்து, மண்டபத்துப் பாத்திரம் ஒன்றுகூடக் கேட்டைத் தாண்டாது, விதி என்றார்.

முகூர்த்தம் பேசிய நாளிலிருந்து குழம்பியே கிடந்த அருஞ்சுனைக்கு அப்போதுதான் கண் திறந்தது. சரக்கு வேறு, சாக்கு வேறு. அதை அவருக்குப் பால்குடிக்கும் வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“அண்டா உங்களுது. சாம்பார் என்னுது” என்றார்.

மணமேடைக்குப் பக்கத்தில் மகளுக்கு வைத்த சீர்வரிசைப் பாத்திரங்கள் பளபளவென்று அடுக்கியிருந்தன. சரஸ்வதி முதலாளாகப் பெரிய எவர்சில்வர் அண்டாவைத் தூக்கினார். பிறகு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. குடத்தில் ரசம் போனது. தூக்குவாளியில் மோர் போனது. பித்தளைத் தாம்பாளத்தில் வடை போனது. சாத்தூர் மாமா பாயசத்தைத் தன் சொந்தப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பச்சை, மஞ்சள், காவி, ஊதா எல்லாம் இலையைச் சுருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டின. ரோட்டோரத்தில் புளியமரத்திலிருந்து சீமைக்கருவேலம் புதர்வரை ஒரே நீளத்துக்குப் பந்தி விழுந்தது. உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் ரோட்டில் இருந்தார்கள். ஹரிக்கு அடுத்த இலையில் கனகலட்சுமி. இந்தப் பக்கம் தங்கலட்சுமி, அந்தப் பக்கம் மருதுபாண்டியும் நாகஸ்வரக்காரரும்.

தங்கலட்சுமி இலையில் தண்ணீர் தெளித்தபடி, “அண்ணே, நீங்களும் உக்காருங்க. பரிமாற ஆளிருக்கு” என்றார். அருஞ்சுனைக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

மண்டபத்துக்குள் கயிறுகளும் தட்டியும் பேரவையும் மட்டும் மிஞ்சின. வகைப்படுத்த ஆளில்லாத பேரவை அவசரமாகக் கூடியது. கூடிய வேகத்தில் தீர்மானம் போட்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி, கைநிறையக் கறுப்புக் கயிறுகளோடு அங்கத்தினர் சூழ வெளியே வந்தார். வெளியே உட்கார்ந்து உண்பவர்கள் அனைவரும் இன்றுமுதல் தெருப்பந்திச் சைவர் என்ற புது வகை, சாம்பலுக்கும் கீழே. கட்டிக்கொள்ளாதவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மண்டபம் இனி கிடையாது.

முதலில் மணமகளிடம் வந்தார். “கையை நீட்டும்மா.”

கனகலட்சுமி நீட்டினாள். ரசஞ்சோறு பிசைந்த கை. விரல்களிலிருந்து ரசம் முழங்கைக்கு வடிந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சி பின்வாங்கினார். பிறத்தியார் எச்சில் கையைத் தொட்டு அவர் எதையும் கட்டியதில்லை. அங்கத்தினர் ஒருவரும் தொடமாட்டார். இடது கையில் கட்டவும் விதி இடம்கொடுக்காது; சுபகாரியமாயிற்றே. கழுவிவிட்டு வா என்றார்.

“இன்னும் வடை வரலையே பெரியப்பா.”

பக்கத்தில் ஹரி தன் எச்சில் கையை நீட்டினான். தங்கலட்சுமி நீட்டினார். அருஞ்சுனை, இத்தனை நாளும் எந்தக் கயிற்றை நீட்டினாலும் கட்டிக்கொண்டிருந்த அதே கையை, சாம்பாரும் சோறுமாக நீட்டினார். சரஸ்வதி அந்த வரிசைக்கு வடை வைத்துக்கொண்டு வந்தவர், நின்று, ஒரு வடையைக் கடித்து, தானும் நீட்டினார். அப்படியே புளியமரத்திலிருந்து கருவேலம் புதர்வரைக்கும் ரோட்டோரம் முழுக்க எச்சில் கைகள் நீண்டன. ஒருவரும் சிரிக்கவில்லை. மருதுபாண்டி மட்டும், எனக்கும் ஒண்ணு கட்டுங்கய்யா, என் கை ரெண்டும் தோல்தான் என்றார்.

கறுப்புக் கயிறுகளை வைத்துக்கொண்டு அண்ணாச்சி ரோட்டு நடுவில் நின்றார். திருச்சுழி போகிற பஸ் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டி என்ன விசேஷம் என்று கேட்டார். அண்ணாச்சி கையிலிருந்த கயிறுகளைப் பார்த்தார். விடியற்காலையிலிருந்து சோதனை போட்டதில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

கனகலட்சுமி தன் இலைக்கு எதிரே இருந்த காலியிடத்தைக் காட்டினாள். யாரோ அங்கே இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“உக்காருறீகளா பெரியப்பா? இல்லேன்னா ஒதுங்குங்க. பஸ்ஸு போகணும்.”